செண்டர் ஹாஃப்

ஏழுக்கு பூஜ்யம்.

டீக்கடை பெஞ்சில் யாரும் அந்த எண்ணை வாய்விட்டுச் சொல்லவில்லை.

தொடர்ந்து ஆறாவது தோல்வி. இன்னும் ஓர் ஆட்டம் தோற்றால் கிழக்குத் தெரு ஹாக்கி அணி லீக்கை விட்டே வெளியே போகும்.

எதிரே மைதானத்தில் கோல் வலையைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். கோவில்பட்டி வெயில் இன்னும் இறங்கவில்லை.

பெஞ்சின் ஓரத்தில் அவர் டீ கிளாஸைக் கையில் வைத்திருந்தார். குடிக்கவில்லை.

"கோச்ச மாத்தணும்" என்றார் ஒருவர்.

"கோச் என்னய்யா செய்வாரு?" என்றார் தீப்பெட்டி ஆபீஸ் சுடலைமுத்து. "நம்ம பயலுவ மண்ணுல ஓடிப் பழகிட்டு பிளாஸ்டிக் புல்லு டர்ஃப்ல எறங்குதானுவ. பந்து வார வேகமே அவனுவளுக்குப் பிடிபடல."

வடக்குத் தெரு அணியோடு சேர்ந்துவிடலாம் என்று பின்னாலிருந்து ஒரு குரல். எல்லோரும் திரும்பி முறைத்தார்கள்.

சின்னப் பயல்களை இறக்கணும், இரண்டு வருஷம் தோற்கட்டும், அப்புறம் எழும்பும் என்றார் இன்னொருவர். இரண்டு வருஷம் கழித்து யார் இருப்பார்கள் பார்க்க, என்றார் சுடலைமுத்து. கோபமாகத்தான் ஆரம்பித்தார். முடிக்கும்போது மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கே சுற்றினாலும் பேச்சு ஓரிடத்துக்கு வந்து நின்றது.

"நடுவுல ஓட்டம் இல்ல" என்றார் கொம்பையா. அணியின் செயலாளர். சொல்லிவிட்டு டீ கிளாஸின் அடியைப் பார்த்தார்.

நடுவில் ஆடுகிற செண்டர் ஹாஃப் செண்பகராஜ். முப்பத்தைந்து வயது. பதினாறு வருஷமாக அதே இடம்.

பெஞ்சின் ஓரத்தில், குடிக்காத டீயோடு உட்கார்ந்திருந்த அவருடைய தம்பி.

அதனால்தான் அந்தப் பெயரை யாரும் சொல்லவில்லை. சொல்லாமலே அரை மணி நேரம் ஓடிவிட்டது.

மத்தியானம் ஐந்தாவது கோல் விழுந்தபோது பக்கத்தில் நின்றவர்கள் கெட்ட வார்த்தையில் திட்டினார்கள். அவரும் திட்டினார். பந்தை விட்டது யார் என்று தெரிந்துதான் திட்டினார்.

திங்கட்கிழமை காலைகளில் தம்பி மாடிப்படியில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்குவதையும் அவர் பார்த்திருக்கிறார். முழங்கால் மடங்காது. யாராவது பார்த்தால் செருப்பு தேடுவதுபோல் குனிந்துகொள்வான்.

கிளாஸைக் கீழே வைத்தார்.

"செண்பகராஜ உக்கார வைங்க."

அவரே தொடர்ந்தார்.

"ஹாஸ்டல்ல படிக்கிற அந்த நெட்டப் பயல எறக்குங்க. நல்லா ஓடுதான்."

கொம்பையா தலையசைத்தார். சுடலைமுத்து எழுந்து போய் எல்லோருக்கும் சேர்த்து இன்னொரு டீ சொன்னார். யாருக்கும் வேண்டியிருக்கவில்லை.

அணிக்காகச் சொன்னாரா, அந்த முழங்காலுக்காகச் சொன்னாரா, அவருக்கே தெரியவில்லை.

வீட்டில் தம்பி காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். துண்டில் சுற்றிய ஐஸ் உருகித் தரையில் ஓடிக்கொண்டிருந்தது.

"என்னண்ணே முடிவாச்சு?"

"ஹாஸ்டல் பயல எறக்குறாங்க."

"எந்த எடத்துக்கு?"

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். மாட்டிய பிறகும் சுவரைப் பார்த்தே நின்றார்.

"யாருண்ணே சொன்னது? கொம்பையா அண்ணாச்சியா?"

"நான்தான் சொன்னேன்."

தம்பி துண்டை எடுத்துப் பிழிந்தான். மறுபடி சுற்றினான்.

"அவன் நல்லா ஓடுவான்ணே" என்றான்.

அந்த வாரம் முழுக்க இருவரும் ஒரே நேரத்தில் சாப்பிட்டார்கள். குழம்பு, மழை, கரண்ட், பக்கத்து வீட்டுக் கல்யாணம். எல்லாவற்றையும் பேசினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அவர் கிளம்பும்போது தம்பி பாயில் படுத்திருந்தான். முகம் சுவர்ப் பக்கம். அவர் வாசலில் கொஞ்சம் நின்றார். பிறகு கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனார்.

நெட்டைப் பயல் ஓடினான். பந்து அவன் ஸ்டிக்கில் ஒட்டிக்கொண்டு வந்தது. முதல் பாதியில் ஒரு கோல் வாங்கினார்கள். இரண்டாம் பாதியில் ஒன்று திருப்பினார்கள். முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது அவன் நடுவிலிருந்தே மூன்று பேரைத் தாண்டிப் பந்தைத் தள்ளிவிட்டான். தட்டிவிட ஆள் இருந்தது.

இரண்டுக்கு ஒன்று.

சுடலைமுத்து அழுதார். கொம்பையா முன்பின் தெரியாத ஒருவரைக் கட்டிப்பிடித்தார். யாரோ அவர் முதுகில் அறைந்து, "நீங்க சொன்னது சரியாப் போச்சு அண்ணாச்சி" என்றார்கள்.

அவர் மைதானத்தின் பக்கம் திரும்பினார்.

அப்போதுதான் பார்த்தார். மைதானத்தின் மறுபுறம், எதிரணி ஆட்கள் நின்ற ஓரத்தில், தம்பி. தனியாக நின்றான். கைதட்டிக்கொண்டிருந்தான்.

அவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு கோல் கம்பத்தைச் சுற்றிப் போனார். பாதி தூரம் நடந்தார். மீதியை ஓடினார்.

"செயிச்சிட்டோம்ணே" என்றான் தம்பி.

இன்னும் தட்டிக்கொண்டிருந்தான்.

லுங்கிச் சாரம் கட்டியிருந்தான். கசங்கிய வெள்ளைச் சட்டை. காற்றில் சாரத்தின் ஓரம் விலகியது.

இரண்டு கால்களிலும் அணியின் மஞ்சள் காலுறை, முழங்கால்வரை ஏற்றி விட்டிருந்தான். உள்ளே, ஆட இறங்குகிறவர்கள் காலில் வாரிட்டுக் கட்டும் ஷின் பேட்.

அவர் மண்டியிட்டார். காலுறையை இறக்கி, ஒவ்வொரு வாராக அவிழ்க்கத் தொடங்கினார்.