கன்னடம் வருமா?

முட்டி இரண்டும் கழன்று விழுந்துவிடும்போல வலித்தன. நைட் ஷிஃப்ட் முடித்த கையோடு, ஓசூர் சிப்காட்டில் வேறொரு கம்பெனியின் இன்டர்வியூ அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தான் மாதேஷ். வயிற்றில் ஒரு டீ மட்டும்.

இப்போது இருக்கும் இடத்தில் ஆறு வருஷமாகக் கான்ட்ராக்ட். மெஷின் ஒன்றுதான், வேலை ஒன்றுதான், கழுத்தில் தொங்கும் நாடாதான் வேறு. கம்பெனி ரோலில் இருக்கும் நிரந்தர ஆளுக்கு நீலம், கான்ட்ராக்ட் ஆளுக்கு மஞ்சள். மஞ்சள்காரனை எந்த நாளும் ‘நாளைக்கு வராதே’ என்று சொல்லிவிடலாம்.

இங்கேயும் அதே நீலம், அதே மஞ்சள். கேட்டிலேயே பார்த்துவிட்டான். இந்த முட்டியை வைத்துக்கொண்டு இன்னொரு மஞ்சள் நாடா தாங்காது.

ரூமில் கூட இருக்கும் அப்பாஸ் நேற்றே பாடம் எடுத்திருந்தான். அப்பாஸின் அப்பாவுக்கு ராயக்கோட்டையில் தக்காளி மண்டி.

“கன்னடம் தெரியும்னு மட்டும் வாயைத் தொறந்துடாத மாப்ள. பெங்களூர் வியாபாரி வந்தா எங்க அத்தா மரம் மாதிரி நிப்பாரு. இந்தாளுக்கு என்ன தெரியப்போவுதுன்னு அவனுங்க நெஜமான வெலையைக் கன்னடத்துல பேசிக்குவானுங்க. அப்புறம் அத்தா அதுல ஒரு பைசா எறங்க மாட்டாரு.”

பெயரைக் கூப்பிட்டார்கள். உள்ளே போனான்.

மேஜைக்கு அந்தப் பக்கம் பிளான்ட் மேனேஜர், பெங்களூர்க்காரர். பக்கத்தில் ஹெச்.ஆர். சுசித்ரா. ஃபேன் காற்றில் முகத்தில் வந்து அடித்த மஞ்சள் நாடாவைத் தோளுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, அவள் ஃபைலைத் திறந்தாள்.

“மெஷின் டெஸ்ட் நல்லா பண்ணியிருக்கீங்க. சொந்த ஊரு?”

“அஞ்செட்டிங்க மேடம்.”

“கன்னடம் வருமா?” என்றார் மேனேஜர்.

“ஒரு எழுத்து தெரியாதுங்க சார்.”

சுசித்ரா நிமிர்ந்து அவன் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். அதுவரை மேனேஜரிடம் தமிழிலேயே பேசிக்கொண்டிருந்தவள், அவர் பக்கம் திரும்பிக் கன்னடத்துக்கு மாறினாள்.

“சார், இந்த வேலைக்கு வேற யாராவது தேறினாங்களா?”

“எங்கம்மா தேறினாங்க? ரெண்டு மெஷின் துணி போத்திக்கிட்டு நிக்குது. செட்டிங் தெரிஞ்ச ஆளு இவன் ஒருத்தன்தான்.” அவரும் கன்னடத்தில்தான் சொன்னார்.

“அப்ப கான்ட்ராக்டா, கம்பெனி ரோலா?”

“கான்ட்ராக்ட்னே ஆரம்பிப்போம். எழுந்து போனான்னா ரோல்ல போட்டுக்கலாம், மேல பேசிட்டேன். நீயா சொல்லிடாத.”

மாதேஷ் சுவரில் ஒட்டியிருந்த பாதுகாப்பு வார போஸ்டரை வெறித்துக்கொண்டிருந்தான். மண்டியில் மரம் மாதிரி நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. சிரிப்பு தொண்டை வரைக்கும் வந்து நின்றது.

“ஒரு வருஷம் கான்ட்ராக்ட்ல இருங்க. அப்புறம் பாக்கலாம்.” மேனேஜர் தமிழுக்கு வந்தார்.

“வேணாங்க சார். அந்த ‘அப்புறம் பாக்கலாம்’மைத்தான் ஆறு வருஷமா பாத்துக்கிட்டிருக்கேன். கம்பெனி ரோல்னா சொல்லுங்க.”

“அதெல்லாம் உடனே முடியாதுப்பா.”

“அப்ப நான் வர்றேங்க.”

எழுந்தான். முட்டி படக்கென்று சத்தம் போட்டது. வலியில் நடை தானாகவே மெதுவாக வந்தது, அதுவும் நல்லதாகப் போயிற்று. கதவுப் பிடியில் கை வைக்கும்வரை யாரும் கூப்பிடவில்லை. 

“ஏம்ப்பா, இவ்ளோ கோவம் ஆகாது. வந்து உக்காரு.”

கொஞ்ச நேரத்தில் எல்லாம் முடிந்தது. கம்பெனி ரோல். நீல நாடா. ஒன்றாம் தேதி முதல் ஷிஃப்ட்.

சேரும்போது என்னென்ன கொண்டுவர வேண்டும் என்று சொல்லியபடி சுசித்ரா அவனைக் கேட் வரை கூட்டிக்கொண்டு நடந்தாள். அவன் பின்தங்கி, ‘மண்டி வித்தை பலிச்சிருச்சுடா’ என்று அப்பாஸுக்குப் போனில் தட்டிக்கொண்டிருந்தான். கேன்டீனிலிருந்து சாம்பார் வாசனை வந்தது.

“ஊட்டா ஆய்த்தா?”

“எங்கீங்க மேடம், காலையிலருந்து வெறும் டீதா…”

சாப்பாடு ஆச்சா என்று அவள் கேட்டது கன்னடத்தில். நாக்கைக் கடித்துக்கொண்டான். கடித்து என்ன புண்ணியம்?

சுசித்ரா திரும்பி நின்றாள். “எனக்கு ஊரு உங்க பக்கத்துல தளிதாங்க. அஞ்செட்டிக்காரருக்குக் கன்னடம் தெரியாதுன்னு எங்க சார் வேணா நம்புவாரு.”

மாதேஷ் போனைப் பாக்கெட்டில் திணித்தான். கழுத்துக்கு வராத நீல நாடா அதற்குள் கைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. “சார்கிட்ட சொல்லிடாதீங்க மேடம். வேணும்னு பொய் சொல்லலீங்க… ஒரு ஆளு பேச்சைக் கேட்டுத்தான்…”

அவள் தன் மஞ்சள் நாடாவை ஒரு விரலில் மாட்டி அவன் முகத்துக்கு நேரே ஆட்டினாள். “நான் இன்டர்வியூக்கு வந்தப்ப கான்ட்ராக்ட்னாங்க, சரின்னு தலையாட்டிட்டேன். நாலு வருஷமா இதேதான் தொங்குது. முரண்டு பிடிச்சா ரோல் கெடைக்கும்னு எனக்கு ஒருத்தரும் சொல்லல.”

அவனுக்குப் புரியவில்லை. “அதுக்கும் இதுக்கும் என்னங்க மேடம்?”

“ஹெச்.ஆர்.ல இருக்கறவளுக்கு யாரு தேறினாங்கன்னு தெரியாதா? உங்க காதுல விழட்டும்னுதான் கன்னடத்துல கேட்டேன். எனக்கு ஒரு மட்டன் பிரியாணி பாக்கி!”