ஹிமாயா தொடாத ஃபைல்

ஹிமாயா அந்த ஃபைலைக் கையால் தொடவே இல்லை. கோடு போடும் அடிமட்டத்தின் நுனியால் நெம்பி, மேசையின் மறுபக்கத்துக்குத் தள்ளிவிட்டாள். எதிரே நின்ற ஜுனைட்டுக்கு உச்சந்தலை வரை சூடேறியது.

இது மூன்றாவது தடவை. வரும் திங்கட்கிழமை அவனுடைய பேக்கரி திறப்பு விழா. பாண் சுடும் போறணையைப் பற்றவைத்துப் பார்த்தாயிற்று, கல்முனை பஸ் நிலையத்தடியில்கூட பேனர் கட்டியாயிற்று. பிரதேச சபையின் வியாபார அனுமதிப்பத்திரம் ஒன்றுதான் பாக்கி. அது இல்லாமல் ஒரு பணிஸ் விற்றாலும் கடைக்குப் பூட்டு விழும்.

"மிஸ், என்ன குறையிரிக்கி? செல்லுங்க, திருத்தித் தாறன்."

"குறை ஒண்டுமில்ல. ஆனா இத நான் பாக்கேலா." நிமிர்ந்தும் பார்க்காமல் சொன்னாள்.

"ஏன் பாக்கேலா?"

"ஊட்ட போய் உங்கட உம்மாட்டக் கேளுங்க."

கேட்டீர்களா கதையை! அனுமதி கேட்டு வந்த மனிசனை, பால்குடி மறவாத பிள்ளையைப் போல உம்மாவிடம் போகச் சொல்கிறாள். அவன் வீட்டுப் பக்கம் போயே பத்து நாளாகிறது. கோதுமை மா மூட்டைகளுக்கு நடுவே பேக்கரியிலேயே படுத்தெழும்புகிறான். உம்மா போனில் எடுக்கும் கோலுக்கெல்லாம் 'மறுகா கதைக்கன் உம்மா' என்று ஒரே பதில்தான்.

புதுச் சுற்றறிக்கை வந்ததிலிருந்து சபையே தலைகீழாகக் கிடந்தது. சொந்தக்காரர், வேண்டப்பட்டவர் என்றால் அதிகாரி அந்த ஃபைலைத் தொடக் கூடாது. காரணத்தைப் படிவத்தில், அதாவது போமில், எழுதிச் செயலாளரிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும். இந்த ஊரில் யார்தான் யாருக்குச் சொந்தமில்லை? சாச்சாவின் மதில், மாமியின் கிணறு என்று பாதி ஃபைல்கள் மேசைக்கு மேசை ஊர்வலம் போய்க்கொண்டிருந்தன.

ஜுனைட்டுக்கும் அது தெரியும். "நான் உங்களுக்குச் சொந்தக்காரனா, மிஸ்?"

"இல்ல."

"அப்ப தெரிஞ்சவனா?"

"இல்ல. இண்டைக்கித்தான் மூணாந்தரம் காண்றன்."

"பின்ன என்னத்துக்கு இந்தப் பாடு?"

ஹிமாயா அடுத்த ஃபைலை எடுத்துப் பிரித்தாள். சூட்சுமம் தனக்கு விளங்கிவிட்டதாக ஜுனைட் நினைத்தான். ருசி பார்க்கக் கொண்டு வந்திருந்த பட்டர் கேக் பெட்டியை மேசை மேல் மெல்ல நகர்த்தினான். ஹிமாயா கதிரையோடு பின்னால் துள்ளினாள்.

"அல்லாஹ்வே! எடுங்க அத! அதுக்கும் ஒரு போம் எழுத வெக்காதீங்க!"

அத்தோடு அவன் பொறுமை காற்றில் பறந்தது. நேரே செயலாளர் செல்லத்தம்பியின் அறை வாசலுக்குப் போய், வரிசையில் நின்ற இருபது பேருக்கும் கேட்கக் கத்தினான். "சேர்! இந்த மிஸ் என்னிட்ட என்னமோ எதிர்பாக்கிறா!"

செல்லத்தம்பி வெளியே வந்தார். ஹிமாயாவைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், எதற்கோ தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"தம்பி, உங்கட ஃபைலை நான் மற்ற அதிகாரி சாஜித்துக்கு மாத்திட்டன். அவர் லீவு முடிஞ்சு நாளைக்கு வாறார். கடையைப் பாத்து ஒப்பம் வைப்பார். திங்களுக்கு முந்திக் கிடைச்சிடும், சந்தோசமாப் போயிட்டு வாங்க."

வந்த காரியம் முடிந்ததென்று அவன் போயிருக்கலாம். ரோசம் விட்டால்தானே!

"அது காணா, சேர். இவ ஏன் தொடல்லண்டு எனக்குத் தெரியணும். எழுதிக் குடுத்த போமை வாசிங்க. விண்ணப்பிச்ச ஆள் கேட்டாக் காட்டணும், அந்தா செவத்துலயே ஒட்டியிரிக்கி!"

"ஓம், காட்டத்தான் வேணும். உள்ளுக்கு வாங்களன், வாசிக்கிறன்."

"ஏலா! இங்கயே. எல்லாருக்கும் கேக்க வாசிங்க!"

செல்லத்தம்பி தயங்கி ஹிமாயாவைப் பார்த்தார். அவள் முகம் வெளிறிப்போயிருந்தது.

"வாசிங்க சேர். சட்டமெண்டாச் சட்டம்தானே." சொல்லிவிட்டு மேசையிலிருந்த பெரிய பதிவேட்டைத் தூக்கி முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டாள்.

வரிசை கலைந்து வாசலுக்கு நெருங்கியது. செல்லத்தம்பி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பத்திரம் வாசிக்கிற குரலில் ஆரம்பித்தார். "விண்ணப்பதாரருடன் உள்ள தொடர்பு: இன்றுவரை எதுவுமில்லை."

"பாத்தீங்களா!" ஜுனைட் துள்ளினான். "அவவே எழுதியிரிக்கா! ஒரு தொடர்புமில்லயாம்! எல்லாரும் கேட்டுக்கங்க!"

"அவசரப்படாதீங்க தம்பி, இன்னும் ரெண்டு வரி கிடக்கு," என்று செல்லத்தம்பி தாளை வெளிச்சத்துக்குப் பிடித்தார்.

"வரும் வெள்ளிக்கிழமை எனது வாப்பா அவரை எனக்கு மாப்பிள்ளை கேட்டு அவரது வீட்டுக்குச் செல்கிறார். எனக்குப் பூரண சம்மதம்."