கடுகளவு கரி

பழைய நீராவி ரயில் எஞ்சினைப் பழுதுபார்த்து, விடுமுறைக்கு வருகிறவர்களுக்காக மறுபடி ஓட்டுகிறார்கள். சண்டைக்கு முன்பே சீட்டு எடுத்திருந்ததால் நானும் என் மனைவி தமயந்தியும் ஏறியிருந்தோம். எங்களுக்குள் பேச்சு நின்று பதினொரு நாள் ஆகியிருந்தது. காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஒரே ஜன்னலுக்கு எதிரெதிரே உட்கார்ந்து, வெளியே மட்டும் பார்த்துக்கொண்டு வந்தோம். ஒரு வளைவில் புகை எங்கள் பெட்டிப் பக்கம் சாய்ந்தது. எட்டிப் பார்த்த என் கண்ணில் கரித்துகள் விழுந்துவிட்டது. "கசக்காதீங்க" என்றாள். எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். சந்தன நிற முந்தானையின் நுனியைப் பந்தாகச் சுருட்டி, வாயில் வைத்து ஊதி, அந்தச் சூடு ஆறுவதற்குள் என் கண்ணில் ஒற்றினாள். மறுபடி ஊதினாள், மறுபடி ஒற்றினாள். மூன்றாவது தடவை உறுத்தல் நின்றுவிட்டது. "போயிடுச்சா?" என்று கேட்டாள். "இன்னும் உறுத்துது" என்றேன். அவள் முந்தானையைப் பிரித்துப் பார்த்தாள். நடுவில் கடுகளவு கருப்பாக அது ஒட்டியிருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். பிறகு அது உள்ளே போகும்படி துணியை மடித்து, மறுபடி பந்தாகச் சுருட்டி, வாயருகே கொண்டுபோய் ஊதினாள்.