எறும்பின் பின்பாதி

கல் வியாபாரியின் மகள் நீட்டிய, மரப்பிசின் இறுகி உருவாகும் அம்பர் கல்லைப் பூச்சிப் புதைபடிவ ஆராய்ச்சியாளர் சந்தேகத்தோடு வாங்கினார். உள்ளே தலையில்லாத எறும்பு.

“பத்து கோடி வருஷப் பழசா? இந்தக் கதையெல்லாம் என்கிட்ட வேண்டாம்மா. அசல் அம்பர் உப்புத் தண்ணில மிதக்கும். போலின்னா மூழ்கிடும்.”

டம்ளரில் உப்பைக் கரைத்துப் போட்டார். கல் நேராக அடிக்குப் போனது.

“பார்த்தியா? யார் காதுல பூ சுத்தப் பார்க்கிறே?”

“ஐயோ, சாகும்போது அப்பாதான் இதை உங்ககிட்ட குடுக்கச் சொன்னார் சார். தலைப் பாதியை அப்பவே உங்களுக்கு வித்துட்டாராம்.”

அவர் மேஜையில், கண்ணாடிப் பெட்டிக்குள், அவருக்கு டாக்டர் பட்டம் வாங்கித் தந்த எறும்புத் தலை பதிந்த அம்பர் துண்டு இருந்தது. எடுத்துச் சேர்த்துப் பார்த்தார். உடைந்த ஓரங்கள் அச்சாகப் பொருந்தின.

“உப்பு பத்தல போலிருக்கு” என்று இன்னும் இரண்டு ஸ்பூன் போட்டார்.