ஹவுஸ்ஃபுல்

படம் காட்ட ஆறு மணி வரை வாடகைக்கு எடுத்திருந்த ஊரப்பாக்கம் கல்யாண மண்டபத்தில் கூட்டத்தைப் பார்த்ததும் ஃபிலிம் சொசைட்டி செயலாளர் ஸ்ரீநிவாசராகவனுக்குத் தலைகால் புரியவில்லை. உலக ஆவணக் குறும்படங்கள் என்றால், தன்னையும் ஆபரேட்டரையும் சேர்த்து ஏழு பேர்தான் தேறுவார்கள். இன்று இருநூறு பேர்! அதுவும் பட்டுப்புடவையில்!

"பார்த்தியா ஜெயவேலு, பத்து வருஷ உழைப்பு! ஜனங்க ரசனையையே மாத்திட்டேன்" என்றார் ஆபரேட்டரிடம்.

ஒவ்வொரு படத்துக்கு முன்பும் மைக்கைப் பிடித்துப் பத்து நிமிஷம் விளக்கினார். ஒருவர்கூட எழுந்து போகவில்லை. பொலிவியச் சுரங்கத் தொழிலாளர்களைப் பற்றிய படம் முடிந்தபோது, முன்வரிசைப் பெரியவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஸ்ரீநிவாசராகவன் நெகிழ்ந்துபோய் அவரிடம் ஓடினார்.

"படம் ரொம்பப் பாதிச்சிடுத்தா சார்?"

"பின்ன இன்னா சார்? மாப்ள ஃபாரின்ல சூப்பர்வைசர்னுதானே சொன்னீங்க? இப்டி சுரங்கத்துல கஷ்டப்பட்டுகினு கீறாருன்னு சொல்லவே இல்லியே!"

"எந்த மாப்பிள்ளை?"

"ஆறு மணிக்கு நிச்சயதார்த்தத்த வெச்சுகினு எந்த மாப்ளன்னு கேக்கறீங்களே! நீங்க மைக்குல பேசுனது ஒண்ணும் புரியல. மாப்ள வூட்டுக்காரங்க காட்டற படமாச்சே, பாதில எழுந்தா மரியாதை இல்லன்னு அத்தினி பேரும் குந்திகினு கீறோம்."

வாசலில் வேன் வந்து நின்றது.

"மாப்ள வூட்டுக்காரங்க வந்துட்டாங்கோ!" என்று யாரோ கத்த, மண்டபமே எழுந்து வாசலுக்கு ஓடியது.

ஸ்ரீநிவாசராகவன் மிச்சமிருந்தவர்களை எண்ணிப் பார்த்தார்.

தன்னையும் ஆபரேட்டரையும் சேர்த்து ஏழு பேர்.