சிக்னல் வளைந்த நேரம்

“வளைஞ்சிருச்சுங்க! சிக்னல் வளைஞ்சிருச்சு!”

போனைப் பார்த்துச் செல்வப்பிரியா போட்ட சத்தத்தில் கொழிஞ்சாம்பாறையே திரும்பிப் பார்த்திருக்கும்.

“அந்தக் கருமத்தக் கீழ வைய்யி. ஆளுகெல்லாம் பாக்கறாங்க,” என்று பல்லைக் கடித்தாள் அம்மா வள்ளியாத்தாள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த கௌசிக்குக்கு ஆர்வம் தாங்கவில்லை. “ஏனுங்க, எது வளைஞ்சுது?”

“வழி காட்டற ஜி.பி.எஸ். சேட்டிலைட் இருக்குதில்லீங்க? அது விடற சிக்னல், பூமி ஓரமாக் காத்துக்குள்ள பூந்து போறப்ப வளையும். அந்தப் பக்கம் எங்க குட்டி சேட்டிலைட் அதப் புடிச்சுக்கும். எவ்வளவு வளைஞ்சுதுன்னு பாத்தா, காத்துல எவ்வளவு ஈரம்னு கணக்குப் போட்றலாம். இப்ப நம்மூருக்கு மேல ஈரம் கொட்டிக் கெடக்குதுங்க!”

“அப்ப மழையா?”

“இன்னிக்கே! ஆனா எங்க வானிலை ஆபீஸ்ல ஒருத்தரும் நம்பல. வானம் வெளுப்பாத்தான் இருக்கும்ங்கறாங்க. இன்னிக்குப் பெய்யலீன்னா என்ற கணக்கத் தூக்கிக் குப்பையில போட்ருவாங்க. இத்தன வருசம் பட்ட பாடெல்லாம் போச்சு.”

அப்பா குப்பண்ணன் வெளியே எட்டி வானத்தைப் பார்த்தார். பொட்டு மேகம் இல்லை. “மழையாவது மண்ணாவது! வாயக் கழுவு சாமி. நல்ல நேரத்துல என்ன பேச்சு இது?”

“பெய்யட்டுங்க மாமா,” என்றான் கௌசிக். “அவங்க ஜெயிக்கோணுமல்ல?”

வள்ளியாத்தாளுக்கு அவனை முறைக்க முடியவில்லை. அதற்கும் சேர்த்து மகளை முறைத்தாள்.

திடீரென்று மேற்கிலிருந்து காற்று கிளம்பியது. மேளக்காரர்போல் இடி ஒன்று தட்டிப் பார்த்தது. அடுத்த நொடி, சடசடவென்று பிடித்துக்கொண்டது மழை. அடேயப்பா, என்ன மழை!

“பெஞ்சிருச்சு! என்ற கணக்கு செரிங்க, செரி!” செல்வப்பிரியா எழுந்து குதித்தாள். மழையை அப்படியே வீடியோ எடுத்து ஆபீசுக்கு அனுப்பினாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

“சின்னதுல பச்சரிசியத் திங்காத, திங்காதன்னு தலையால அடிச்சுக்கிட்டனே!” என்று வள்ளியாத்தாள் புலம்பினாள்.

ஒழுகும் பந்தலுக்கு அடியில், கழுத்து மாலை சொட்டச் சொட்ட, கையில் தாலியோடு கௌசிக் கேட்டான்: “இப்பக் கட்டீரலாமுங்களா, இல்ல அடுத்த சேட்டிலைட்டும் வந்துட்டுப் போகட்டுமா?”