பெரிய பிக்கு கேட்ட சான்றிதழ்

"உங்க கோயில் புத்தர் போலி" என்று ஒரு பெரிய பிக்குவின் முகத்துக்கு நேராக எப்படிச் சொல்வது?

காலையிலிருந்து கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்தேன். தாய்லாந்தின் லாம்பாங் அருங்காட்சியக ஆய்வுக்கூடத்தில், பழம்பொருள்களின் வயதைக் கண்டுபிடிப்பது என் வேலை. மனுஷர்களிடம் பேசத்தான் வராது.

சோதனை முடிவு கேட்க, மலைக்கிராமத்திலிருந்து காய்கறி வண்டியில் ஏறி அவர் வந்து சேர்ந்தார்.

"சொல்லு ரச்சனி."

"சாமி... மனசைத் தேத்திக்குங்க. அறுநூறு வருஷத்துச் சிலைன்னு ஊரே சொல்லுது. ஆனா வெண்கலத்தை வார்க்கும்போது உள்ளே வெச்ச களிமண்ணைச் சோதிச்சேன். அதுக்கு வயசு நாப்பதுதான்."

"நிச்சயமா?"

"மூணு தடவை பார்த்துட்டேன்."

கண் துடைக்கக் காகிதத்தை அவர் பக்கம் தள்ளினேன்.

"அப்பாடா!" என்றார். "அதை முத்திரையோட எழுதிக் கொடு. எழுத்து பெருசா இருக்கட்டும்."

அதிர்ச்சியில் உளறுகிறார், பாவம் என்று நினைத்து, கூடவே இரண்டு பிரதியும் கொடுத்தேன்.

அடுத்த மாதம், ஆறுதல் சொல்ல மலையேறினேன். கோயிலில் என் சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. பக்கத்திலேயே புத்தர்.

கிட்டப் போய்ப் பார்த்தேன். அப்படியொரு பச்சைக் களிம்பு நாற்பது வருஷத்தில் ஏறாது.

"சாமி, இது நான் பார்த்த சிலை இல்லையே!"

"ஆமா. உன்கிட்ட கொண்டு வந்தது திருவிழா ஊர்வலத்துக்குப் பண்ணின நகல்."

"ஏன் சொல்லலை?"

"நீ கேட்கலையே."

முனைவர் பட்டம், மூன்று கருவிகள், எட்டுப் பக்க அறிக்கை. 'இது எந்தச் சிலை?' என்று கேட்க மட்டும் எனக்குத் தோன்றவில்லை!

அவர் குரல் தணிந்தது. "ரெண்டு தடவை திருட வந்தாங்கம்மா. போன தடவை காவல்காரர் பூன்மி மண்டையை உடைச்சுட்டாங்க. இதை மாட்டினதுலேர்ந்து யாரும் வரலை. தப்புன்னா கழட்டிடு."

சட்டத்தில் கை வைத்தேன். இருபத்திரண்டு வருஷமாக, நிரூபிக்காத எதையும் வாயால்கூடச் சொல்லாதவள் நான்.

"டாக்டர் ரச்சனிதானே?" பின்னாலிருந்து ஒரு குரல். பாங்காக்கிலிருந்து வந்திருந்த, பழம்பொருள் வாங்கி விற்கும் ஆசாமி. சிலையையே உற்றுப் பார்த்தார். "எனக்கென்னவோ ரொம்பப் பழசாத் தெரியுது. நிஜமாவே போலிதானா?"

சட்டத்திலிருந்து கையை எடுத்தேன்.

"நான் பார்த்ததிலேயே மட்டமான போலி, சார்."